போன மாதத்து எண்

கேள்வி: தர்மபுரி பக்கம் ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். காலை முதல் மாலை வரை பாட்டில், மருந்து, எண், பதிவேடு. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன நண்பர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். பஸ்ஸில் தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டுக்கொண்டே வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் வடிந்துவிடுகிறது. போன மாதத்து எண்ணையே எழுதி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. வேலையில் உற்சாகத்தைத் தக்கவைப்பது எப்படி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாலக்கோடு

பதில்: உற்சாகம் கிடக்கட்டும், தம்பி. அதற்கு முந்தைய வரிதான் உங்கள் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

யாருக்குத் தெரியும்? இன்றைக்கு யாருக்கும் தெரியாது, சரிதான். உங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் கலந்திருக்கும் புளோரைடு என்ற உப்புக்கு நிறமில்லை, வாசமில்லை, குடித்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஊரில் எந்தத் தாய்க்கும் தெரியாத ஒன்று உங்கள் மேஜையில் மட்டும் தெரிகிறது, சிவப்பு மருந்தை விட்டதும் அதன் நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்பதில். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு. போன மாதம் 0.9 காட்டிய போர் (ஆழ்துளைக் கிணறு), கோடையில் நீர்மட்டம் இறங்கினாலோ இன்னும் ஆழம் போட்டாலோ வேறு கதை சொல்லலாம். நீங்கள் பழைய 0.9-ஐ எழுதி வைத்தால் அந்த ஊர் நிம்மதியாகக் குடிக்கும்.

அப்புறம் தெரியும். ஒரு நாள் மாதிரி எடுக்கப் போகிறவரோடு நீங்களும் வண்டி ஏறுங்கள். ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். பால் பல் விழுந்து புதிதாக முளைத்த முன்பல்லில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக் கோடோ, காவிக் கறையோ தெரிந்தால், அது நேற்று வந்ததல்ல. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்த இரண்டு, மூன்று வயதில் அந்தப் பிள்ளை குடித்த தண்ணீர் அது. எத்தனை தேய்த்தாலும் போகாது. வருடக்கணக்கில் அதிகம் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிப் போவதை உங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வேலை ஒழுங்காக நடந்தால் கிடைக்கும் பலன், ஒரு கறை வராமல் போவது. வராத கறைக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்? பாராட்டு வந்தால்தான் வேலை ஓடும் என்று காத்திருந்தால் இந்த மேஜையில் காலம் தள்ள முடியாது. பஸ்ஸில் கேட்கும் பேச்சு மதியத்தோடு வடிவதும் அதனால்தான். அந்தப் பேச்சாளருக்கு உங்கள் பாட்டில் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரியாது. உங்களுக்கே தெரியுமா? பாட்டிலில் வெறும் குறியீட்டு எண் மட்டும் இருந்தால், பக்கத்தில் பென்சிலால் ஊர்ப் பெயரையும் எந்தத் தெருக் குழாய் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பியடிக்கலாம். தெரிந்த ஊரை அப்படிச் செய்யக் கை வராது.

‘ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர்தான் 2013-லேயே வந்துவிட்டதே’ என்பீர்கள். வந்தது, பெரிய காரியம்தான். ஆனால் குழாய் உடைந்தோ மோட்டார் பழுதாகியோ நாலு நாள் நின்றால் ஜனங்கள் குடத்தோடு எங்கே போவார்கள்? பழைய போருக்குத்தான். அதனால் அந்தப் போரின் எண் இன்றைக்கும் வேண்டும்.

இன்னொன்று. ஒப்பந்தம் என்கிறீர்கள். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, ஆனாலும் ஓசூர் நண்பர்களைச் சொன்ன இடத்தில் அது இருக்கிறது. குறைந்த கூலிக்கு உற்சாகம் மருந்தல்ல. ‘இது சேவை, காசு பார்க்காதே’ என்று மேலே இருப்பவர் யாராவது சொன்னால், அவர் தன் சம்பளத்தை எத்தனை மாதம் சேவையாக விட்டுக்கொடுத்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலைக்கு அர்த்தம் இருப்பதால் கூலி குறையலாம் என்பது முதலாளிகளுக்கு மட்டும் வசதியான தத்துவம்.

ஓசூரில் நல்ல இடம் கிடைத்தால் தாராளமாகப் போங்கள், குற்ற உணர்ச்சி எதற்கு? போவதற்கு முன் ஒரு நோட்டு வாங்கி, எந்த ஊர்ப் போரில் எந்த மாதம் எண் ஏறுகிறது, எந்தத் தெருவில் மாதிரி எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்பதையெல்லாம் எழுதி, அடுத்து வருகிற பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.