மூக்கு பெரிதாகத் தெரிகிறதா? கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் மீன் சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்களைக் கருப்பு-வெள்ளையில் எடுத்துவருகிறேன். ஏபிஎஸ்-சி கேமரா (நடுத்தர அளவு சென்சார் கொண்டது), 18-55 மி.மீ. கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்ந்தே வரும் ஜூம் லென்ஸ்). கிட்டப் போனால் மூக்கு புடைத்துத் தெரிகிறது, முகம் சாம்பல் பூசியது மாதிரி வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: லென்ஸை 18-ல், அதாவது அகலக் கோணத்தில் வைத்துக்கொண்டு முகத்துக்கு ஒன்றரை அடியில் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் இல்லை, தூரம்தான். நாலடி தள்ளி, மீன் கூடைக்கு இந்தப் பக்கம், அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கே நீங்களும் உட்கார்ந்து, 55-க்கு ஜூம் செய்யுங்கள். கேமராவை நெடுக்காகப் பிடித்தால் முகமும் தோளும் படத்தை நிறைத்துவிடும். ஃபோகஸ் உங்களுக்குப் பக்கத்துக் கண்ணில் இருக்கட்டும்.

சாம்பலுக்குக் காரணம் வேறு. படம் முழுக்க முகமே இருந்தால், கருத்த தோலையும் கேமராவின் வெளிச்சம் அளக்கும் மீட்டர் நடுத்தர சாம்பலுக்கு வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). தோல் கருப்பாகவே இருக்கட்டும், நெற்றி வியர்வையும் மூக்குத்தியும் மட்டும் மின்னினால் போதும். ரா-வில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, கணினியில் கருப்பு-வெள்ளையாக்கும்போது ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை ஏற்றினால் தோல் வெளுத்துச் சுருக்கம் மழுங்கும், இறக்கினால் கோடுகள் எழும்பும். ஆனால் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்திருந்தால் எந்த ஸ்லைடரும் உதவாது, ஏனென்றால் தோலின் ஆரஞ்சுக்கு வேண்டிய சிவப்பு வெளிச்சமே அங்கே குறைவு. தார்ப்பாயின் ஓரத்தில், பக்கவாட்டில் வெளிச்சம் விழும் இடத்தில் இருப்பவரைப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 1936-ல் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்க், கலிபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் ஒரு தாயையும் குழந்தைகளையும் எடுத்த வரிசையைத் தேடிப் பாருங்கள். ஒரேயடியாக முகத்துக்குள் பாயவில்லை, கூடாரத்தோடு சேர்த்தும் எடுத்திருக்கிறார், ஒவ்வொன்றாக நெருங்கிப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். உலகத்துக்குத் தெரிந்தது அந்த நெருக்கமான ஒரு படம்தான். அதே லாங்க் அந்தத் தாயின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பிரதி அனுப்புகிறேன் என்றவர் அனுப்பவே இல்லை என்று அந்தத் தாய் பிற்காலத்தில் குறைப்பட்டார். எனக்கு லாங்கின் படங்கள் உயிர், ஆனாலும் இதில் அந்தம்மா பக்கம்தான் நான்.

அதனால் நாளைக்குக் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு மீன் வாங்குங்கள், பேரம் பேசுங்கள், பெயர் கேளுங்கள். அடுத்த வாரம் போகும்போது ஏற்கெனவே எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். பக்கத்துக் கடைக்காரம்மா "என்னை எடுக்கலையா?" என்று அவராகவே கேட்பார்.