உடைந்த துண்டை வைத்தே ரோமானியப் பெருஞ்சிலை யாருடையது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பெருஞ்சிலை என்பது ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிதாகச் செய்த சிலை. ரோமப் பேரரசில் பெரும்பாலும் கடவுளருக்கும் பேரரசர் குடும்பத்துக்கும்தான் அந்த அளவில் வைப்பார்கள். ஆக, ஒரு கால்விரலின் அளவே முதல் தடயம்.

அடுத்தது முடி. பேரரசரின் முகத்துக்கு ஒரு முன்மாதிரி உண்டு. அதைப் பார்த்து ஊர் ஊராகச் சிற்பிகள் சுருள் மாறாமல் நகலெடுத்தார்கள். தேர்தல் சுவரொட்டி பாதி கிழிந்திருந்தாலும் தலைவர் யாரென்று சொல்லிவிடுகிறோமே, அப்படித்தான். பெயர் பொறித்த நாணயங்களில் உள்ள முகத்தோடு ஒப்பிட்டால் ஆள் யாரென்று உறுதியாகிவிடும்.

துருக்கியிலுள்ள பண்டைய நகரமான சகலாசோஸில், ரோமானியக் குளியல் கூட இடிபாட்டில் 2007-ல் சுமார் 70 செ.மீ. உயரத் தலை ஒன்று கிடைத்தது. நெற்றியில் சுருண்டு விழும் முடி, ஒட்ட வெட்டிய தாடி. சரி, ரோமப் பேரரசர் ஹேட்ரியன்தான். அவருடைய பல சிலைகளில் காதுமடலில் ஒரு சாய்வான மடிப்பைக்கூடச் செதுக்கியிருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் அது. அடுத்த ஆண்டே அங்கு இன்னொரு பேரரசரான மார்கஸ் ஆரேலியஸின் தலையும் கிடைத்தது.

தலையும் கைகால்களும் மட்டும் கிடைத்தால், உடலை யாரோ நொறுக்கிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படியில்லை. ரோமிலுள்ள பேரரசர் கான்ஸ்டன்டைனின் சிலை போன்றவற்றில் வெளியே தெரியும் உறுப்புகள் மட்டுமே பளிங்கு, ஆடை மூடிய உடலை வேறு பொருள்களால் கட்டியிருந்தார்கள்.