பலெர்மோவின் மேலங்கி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இஸ்லாமிய உலகும் ஐரோப்பாவும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்ததாக எழுதுகிறீர்கள். சிலுவைப்போரில் வெட்டிக்கொண்டு செத்தவர்கள்தானே? நல்லிணக்கத்துக்காக நாம் இன்று கட்டிக்கொள்ளும் கதை இல்லையா இது?

கே.

அன்புள்ள கே.,

வெட்டிக்கொண்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில், 1184-ல், ஸ்பெயினின் கிரானடாவைச் சேர்ந்த முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர் ஹஜ் முடித்து ஊர் திரும்பியது ஒரு ஜெனோவாக் கப்பலில். உடன்வந்தவர்களில் ஜெருசலேம் சென்று திரும்பும் கிறித்தவ யாத்திரிகர்களும் உண்டு. சிசிலியின் மெஸ்ஸினா அருகே கப்பல் உடைந்தது. கரைசேர்க்கும் படகுக்கூலிக்கு வழியில்லாத ஏழை முஸ்லிம்களுக்கு சிசிலியின் கிறித்தவ அரசர் இரண்டாம் வில்லியமே பணம் கொடுக்கச் செய்தார் என்று இப்னு ஜுபைர் தன் பயணநூலில் எழுதுகிறார். அந்த அரசருக்கு அரபி எழுதப் படிக்கத் தெரியுமாம். சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் கிறித்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போல உடுத்தி, முக்காடிட்டு, கிறிஸ்துமஸுக்கு தேவாலயம் போனதையும் பார்த்திருக்கிறார்.

இத்தோடு நிறுத்தினால் நீங்கள் சொல்லும் கதைதான். அதே நூலில், தன் மகளை யாராவது ஒரு யாத்திரிகர் மணந்து தீவைவிட்டு அழைத்துப் போகட்டும் என்று தவிக்கும் முஸ்லிம் தந்தையும் வருகிறார். 1189-ல் வில்லியம் இறந்ததும் பலெர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். பின்னர் சிசிலியின் அரசரான இரண்டாம் ஃபிரெடரிக் அரபி அறிந்தவர், எகிப்தின் சுல்தான் அல்-காமிலுடன் தூதர்களும் பரிசுகளும் பரிமாறிக்கொண்டவர். சிசிலி முஸ்லிம்களை இத்தாலியின் லுசேராவுக்கு நாடுகடத்தியவரும் அவர்தான். 1300-ல் அந்த ஊரும் கலைக்கப்பட்டு, இருந்தவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

வில்லியமின் பாட்டனார் இரண்டாம் ரோஜரின் மேலங்கி இன்றும் வியன்னாவில் இருக்கிறது. செம்பட்டில் பொன்னிழையும் முத்துகளும். நடுவே பேரீச்சை, இருபுறமும் ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கம். விளிம்பில் கூஃபி என்னும் பழைய அரபு எழுத்துவடிவில் அரபி வாசகம்: பலெர்மோவின் அரச பட்டறையில் செய்தது, ஹிஜ்ரி 528 (பொ.யு. 1133-34). புனித ரோமப் பேரரசர்கள் பின்னர் இதைப் போர்த்தித்தான் முடிசூடினார்கள். லுசேரா அழிந்த பிறகும் இது தொடர்ந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒருவரின் கைத்திறனை விரும்ப அவரை விரும்ப வேண்டியதில்லை போலிருக்கிறது.

இன்றைய நிலை? 2017-ல் திறந்த அபுதாபி லூவர் அருங்காட்சியகம், பாரிஸின் லூவர் பெயரைப் பயன்படுத்த மட்டும் 40 கோடி யூரோ கொடுத்த ஒப்பந்தத்தில் எழுந்தது. வியாபாரம் என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குறையாக எதுவும் தெரியவில்லை. அதைக் கட்டிய தொழிலாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்னு ஜுபைரின் பயணநூல் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. சிசிலிப் பகுதியையாவது படித்துவிட்டு எழுதுங்கள்.