முதலில் பேட்டரி வாங்குங்கள்

கேள்வி: நாங்கள் கோத்தகிரிப் பக்கம். கொஞ்சம் தேயிலைத் தோட்டம், கணவருக்குக் குன்னூரில் வேலை. 74 வயது மாமியார் தை மாதத்திலிருந்து ஆளே மாறிவிட்டார். ஒன்று கேட்டால் சம்பந்தமில்லாமல் வேறொன்று சொல்கிறார். நானும் மகளும் பேசிச் சிரித்தால், தன்னைப் பற்றித்தான் என்று சண்டைக்கு வருகிறார். டிவியை அலறவிடுவதால் பத்தாவது படிக்கும் மகளுக்குப் படிக்க முடியவில்லை. காது மெஷினும் பொங்கல் சமயத்தில் பேட்டரி தீர்ந்துபோய் அலமாரியில் கிடக்கிறது. மறதி நோய் ஆரம்பித்துவிட்டது என்கிறார் கணவர். கோவையில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறோம். சேர்ப்பது பாவமா?

பதில்: தை மாதத்தில் அத்தை மாறினார். பொங்கலுக்கு மெஷின் நின்றது. இரண்டையும் ஒரே கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறமும் உங்களுக்கு மறதி நோய்தான் தோன்றியதா? முதியோர் இல்லம் தேட நேரம் இருந்த வீட்டில் ஒரு அட்டை பேட்டரி வாங்க ஆள் இல்லாமல் போனது எப்படி?

காது கேட்காதவர் பாதியைக் கேட்டு மீதியை ஊகித்துப் பதில் சொல்வார். அதுதான் உங்களுக்குச் 'சம்பந்தமில்லாத' பதிலாகப் படுகிறது. பேச்சு கேட்காமல் சிரிப்பு மட்டும் கண்ணில் பட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். டிவி அலறுவதற்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நடுவயதில் தொடங்கும் செவித்திறன் குறைவைக் கவனிக்காமல் விட்டால் மறதி நோய்க்கான ஆபத்து கூடும் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2017-லிருந்து சொல்லிவருகிறது. மெஷின் மாட்டினால் மறதி நோய் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. காதைச் சரிசெய்யாமல் மறதியை அளக்கவே முடியாது என்கிறேன். கேள்வியே காதில் விழாதவரிடம் கேள்வி கேட்டு என்ன முடிவுக்கு வருவீர்கள்?

இந்த வாரமே பேட்டரி வாங்குங்கள். ஸ்டிக்கரின் நிறத்தைப் பார்த்தால் அளவு தெரியும்: 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஸ்டிக்கரைப் பிரித்து ஓரிரு நிமிஷம் காற்றில் வைத்த பிறகே உள்ளே போடவேண்டும், காற்று பட்டால்தான் அது வேலை செய்யும். ஒருமுறை பிரித்துவிட்டால், உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். திரும்ப ஒட்டி வைத்துப் பயனில்லை. 312 ஒரு வாரம்போல, 13 பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை வரும். மலைக் குளிரில் இன்னும் சீக்கிரம் இறங்கும். அதனால் வீட்டில் எப்போதும் ஒரு அட்டை கூடுதலாக இருக்கட்டும். சின்னக் குழந்தைகள் வந்துபோகும் வீடு என்றால் உயரத்தில் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நம் ஊரில் மெஷினைக் கெடுப்பது பனியும் ஈரமும்தான். காதுக்குப் பின்னால் மாட்டும் வகை என்றால், குழாயில் ஒரு துளி நீர் கோத்தாலே சத்தம் அடைபட்டுவிடும். ராத்திரி கழற்றியதும் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். அடுப்புப் பக்கம் காயவைக்காதீர்கள். காதுக்குள் போகும் அச்சை மட்டும் தனியே கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டலாம். மெஷினில் தண்ணீர் படவே கூடாது. குழாய் மஞ்சளாகி விறைத்திருந்தால் மாற்றவேண்டும். கீச்சென்று விசில் அடித்தால், அச்சு சரியாக உட்காரவில்லை அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கிறது. இத்தனை மாத இடைவெளிக்குப் பிறகு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி அழுக்கை எடுத்து, செவித்திறனையும் மறுபடி சோதித்து, மெஷினை அதற்கேற்பத் திருத்தி வாங்குங்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் தோற்பது இதற்குப் பிறகுதான். பல மாதம் அமைதிக்குப் பழகிய மூளைக்குப் பாத்திரச் சத்தம்கூட இடிபோல விழும். அத்தை பிடுங்கி எறிவார். "அவங்களுக்கே வேண்டாமாம்" என்று நீங்களும் விட்டுவிடுவீர்கள். விடாதீர்கள். முதல் வாரம் டிவியை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, ஒருவர் மட்டும் அவரோடு பேசட்டும். மெல்ல மெல்லக் கூட்டுங்கள். முழுநாள் பழகச் சில வாரம் ஆகும். பேசும்போது மூன்று நான்கு அடி தூரத்தில், முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்காருங்கள். கத்தாதீர்கள், கத்தினால் சொல் சிதையும். அடுப்படியிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு குரல் கொடுப்பது பேச்சில் சேராது.

இதையெல்லாம் யார் செய்வது? உங்கள் கணவர். நோயின் பெயரைச் சொன்னதைத் தவிர அவர் என்ன செய்தார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பேட்டரி மாற்றுவதும், காதில் மாட்டிவிடுவதும், மருத்துவரிடம் கூட்டிப்போவதும் அவர் வேலை. பெற்ற தாயைக் கவனிக்கும் கடமையை மனைவியின் தலையில் கட்டிவிட்டு, அவள் களைத்ததும் இல்லம் தேடுவது ஆண்மகனுக்கு அழகில்லை. 2007-ம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள், வயது வந்த பேரப்பிள்ளைகள் மீதுதான் கடமையை வைக்கிறது. 'பிள்ளைகள்' என்று அது சொல்லும் பட்டியலில் மருமகள் இல்லை. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மகளும் தினமும் கால் மணி நேரம் பாட்டியோடு உட்காரட்டும். பத்தாவது பரீட்சை அதனால் கெட்டுப்போகாது.

மெஷின் பழகிய பிறகும் அவர் தெரிந்த பாதையில் வழி தவறினால், கிழமை தெரியாமல் குழம்பினால், போட்ட உப்பை மறுபடி போட்டால், அப்போது ஊட்டி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மெஷின் காதில் இருக்கும்போதே பரிசோதனை நடக்கவேண்டும். உங்களுக்கே மனம் தாங்கவில்லை என்றால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம்.

முதியோர் இல்லக் கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்லமாட்டேன். இரண்டு மாதம் கழித்தும் அந்த எண்ணம் இருந்தால் எழுதுங்கள். அதற்கு முன், அத்தை காதில் மெஷின் மாட்டியிருக்கும்போது, எதிரே உட்கார்ந்து அவரிடமே கேளுங்கள். அவர் சொன்னதையும் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள்.