குண்டுமல்லி தழைக்கிறது, ஆனால் பூக்கவில்லை: என்ன செய்வது?

கேள்வி: திருச்சியில் புதிதாகக் கட்டிய தனி வீடு. வாசலில் கிழக்குப் பார்த்து 12 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு பூப்பாத்தி. அதில் ஒரு குண்டுமல்லி, வடக்குப் பக்கச் சந்தில் சுவரை ஒட்டி இன்னொரு குண்டுமல்லி, மொட்டை மாடியில் குரோ பேக்கில் ஒரு பிச்சி. மூன்றும் இரண்டு வயதுச் செடிகள். தினமும் காலையில் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுகிறேன். மாதம் ஒருமுறை சாணக் கரைசலும், அவ்வப்போது ஒரு கைப்பிடி யூரியாவும் கொடுக்கிறேன். செடி தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் வருவதில்லை. வருகிற கொஞ்சம் மொட்டும் ஊதா நிறமாகி உதிர்ந்துவிடுகிறது. பாத்தியில் மீதி இடத்தில் என்ன வைக்கலாம்?

பதில்: உங்கள் மல்லிக்குக் கவனிப்பு கூடிப்போயிருக்கிறது. தினமும் தண்ணீர், கையோடு யூரியா என்று கிடைத்தால் எந்த மல்லியும் இலையும் கொடியுமாகத்தான் ஓடும். பூ எங்கே வருகிறது என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். புதிதாகக் கிளம்பிய இளங்கிளையின் நுனியில்தான் மொட்டு இருக்கும், பெரும்பாலும் மூன்று மூன்றாக. நடு மொட்டு முதலில் மலரும், பக்கத்து இரண்டும் பின்னால் வரும். பழைய கிளை எவ்வளவு நீளமாக வளர்ந்தாலும் அதில் பூ கிடையாது. எத்தனை புது நுனியோ அத்தனை கொத்து. ஆகவே பூ வேண்டுமென்றால் செடியை வெட்ட வேண்டும். இரண்டு வருடமாக நீங்கள் செய்யாமல் விட்ட வேலை அதுதான்.

குண்டுமல்லிக்குக் கவாத்து செய்யும் காலம் நவம்பர் கடைசி வாரம். அதற்கு முன் 10, 15 நாள் தண்ணீரை நிறுத்தி, செடியைக் கொஞ்சம் வாடவிட வேண்டும். உங்கள் ஊரில் அப்போது வடகிழக்குப் பருவமழை இருக்கும். மழையை நிறுத்த முடியாது. நீங்களாகத் தண்ணீர் ஊற்றாமல் இருங்கள், தூரில் மழைநீர் தேங்காமல் வாய்க்கால் கீறிவிடுங்கள், அது போதும். வெட்டும் நாளை மட்டும், இரண்டு நாள் தொடர்ந்து வெயிலடிக்கும்படி பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மழையில் வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சாணம் இறங்கி, கிளை மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டே வரும்.

தரையிலிருந்து 50 செ.மீ. அளந்து, அதற்கு மேலே உள்ள எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். மனம் வராதுதான். ஆனால் நுனியை மட்டும் நான்கு விரல் கிள்ளிவிட்டு நிறுத்தினால் உச்சியில் நாலைந்து கிளை வெடிக்குமே தவிர, அடியிலிருந்து புதுக் கிளை வராது. பிறகு காய்ந்த குச்சி, பென்சிலை விட மெல்லிய நோஞ்சான் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, தரையில் படரும் கிளை என்று தேடி அடியோடு எடுத்துவிடுங்கள். மிஞ்சியிருக்கும் இலைகளையும் கையால் உருவிவிட வேண்டும். வெட்டு கணுவுக்கு மேலே அரை செ.மீ. விட்டு, சாய்வாக இருக்கட்டும். விரல் தடிமனுக்கு மேல் உள்ள வெட்டுவாயில் காப்பர் ஆக்சி குளோரைடு என்ற பூஞ்சாணக் கொல்லியைத் தண்ணீரில் பசைபோலக் குழைத்துப் பூசுங்கள். மழைக்காலம் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள்.

உரம் வைக்கும் நேரமும் இதுதான். வளர்ந்த குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழு உரமும், தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120 கிராம், சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120 கிராமும் கொடுக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ரசாயன உரத்தைக் கவாத்துக்குப் பின் பாதி, ஜூன்-ஜூலையில் பாதி என்று பிரிக்க வேண்டும். கடை உரக் கணக்கில் ஒரு தவணைக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் வரும். யூரியா எவ்வளவு குறைவு, மற்ற இரண்டும் எவ்வளவு கூடுதல் என்று கவனியுங்கள். நீங்கள் கொடுத்து வந்தது நேர் எதிர். உங்கள் மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து மிகுந்திருக்கும் என்பதால் இந்த முதல் தவணையில் யூரியாவை விட்டுவிடலாம். இரண்டு வயதுச் செடிக்கு மற்ற இரண்டிலும் பாதி அளவு போதும். தூரிலிருந்து ஒரு அடி தள்ளி, நான்கு விரல் ஆழத்தில் வட்டமாகப் பள்ளம் பறித்து, தொழு உரத்தோடும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கோடும் கலந்து போட்டு மூடி, தண்ணீர் விடுங்கள். ரசாயன உரம் வேண்டாம் என்றால் தொழு உரத்தோடு எலும்புத்தூள் 200 கிராம் சேருங்கள். பூ சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவுதான். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டுவதை மட்டும் தவிர்க்கவும். புது வீட்டு மண்ணில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். சாம்பல் அந்த மண்ணின் காரத்தன்மையை இன்னும் ஏற்றிவிடும்.

அப்படி ஏறினால் கொழுந்து இலையில் தெரியும். நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி வெளிறி மஞ்சளாகும். இது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) கரைத்து, மாலையில் இலை நனையத் தெளித்து, மாதம் ஒருமுறை என்று பச்சை திரும்பும்வரை செய்யுங்கள். அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் இதைத் தெளித்துப் பயனில்லை. வேரில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரே விதி: ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம். செம்மண் தரையில் கோடையில் வாரம் இரண்டு முறை வேர் ஆழம் நனைய ஊற்றினால் போதும், களிமண்ணுக்கு ஒருமுறை. அரிசி கழுவிய தண்ணீரில் கெடுதல் இல்லை. அது தினமும் போவதில்தான் கெடுதல். அதைச் செடிக்குச் செடி மாற்றி ஊற்றுங்கள்.

வடக்குச் சந்துச் செடியின் கதை வேறு. மல்லிக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும். திருச்சியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் பின்பகுதி வரைதான் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற மாதங்களில் வீட்டு நிழல் அந்தச் சந்தில்தான் விழும். கவாத்துக்குப் பின் பூங்கிளை உருவாகும் டிசம்பர் முதல் மார்ச் வரை அந்தச் செடி முழு நிழலில் நிற்கிறது. என்ன உரம் போட்டாலும் அங்கே மல்லி சரியாகப் பூக்காது. கவாத்து செய்த கையோடு, தூரைச் சுற்றி ஒரு அடி விட்டமுள்ள வேர்மண் கட்டியுடன் பெயர்த்து, கிழக்குப் பாத்திக்கு மாற்றிவிடுங்கள். மழை ஈரம் இருக்கும் அந்தச் சமயம் இதற்கு ஏற்றது. குழி ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் வந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு, செம்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்புங்கள். முதல் செடிக்கும் இதற்கும் 4 அடி இடைவெளி விடுங்கள். மாற்றிய செடிக்கு வேர் பிடிக்கும்வரை ரசாயன உரம் வேண்டாம். அது பிழைக்காமல் போனால் ராமநாதபுரம் குண்டுமல்லி நாற்று வாங்கி நடலாம். தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வரும் நாற்றுகள் பெரும்பாலான நர்சரிகளில் கிடைக்கும்.

இனி ஊதா மொட்டு. குண்டுமல்லியா, பிச்சியா என்று நீங்கள் எழுதவில்லை. பிச்சி மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல் இயல்பானது. அது நோயல்ல, விட்டுவிடுங்கள். குண்டுமல்லி மொட்டு அடிப்பக்கம் வீங்கி, ஊதா நிறமாகி, மலராமல் காய்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. ஒரு மொட்டைக் காம்புப் பக்கம் நகத்தால் பிளந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் வெளிர்ப் புழுக்கள் நெளியும். இவை வளர்ந்ததும் மண்ணில் விழுந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பி வருகின்றன. அதனால் உதிர்ந்த மொட்டைச் செடியடியில் விட்டால் அடுத்த தலைமுறையை நாமே வளர்க்கிறோம். கெட்ட மொட்டை அன்றாடம் பறித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். உரக்குழியில் சேர்க்க வேண்டாம். தூர் மண்ணை வாரம் ஒருமுறை இரண்டு அங்குலம் கிளறி வெயில் படவிட்டு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத்தூள் தூவுங்கள்.

மொட்டில் வட்டமான துளையும், கொத்தைச் சேர்த்துப் பின்னிய நூலாம்படையும் இருந்தால் அது மொட்டுப்புழு. கருந்தலையுள்ள பச்சைப் புழு ஒன்றே ஒரு கொத்தை முடித்துவிடும். அந்தக் கொத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு சேர்த்தால் தயார். மாலையில், அன்றைய பூவைப் பறித்த பிறகு தெளிக்க வேண்டும். தலையில் வைக்கும் பூ, குழந்தைகள் முகர்ந்து பார்க்கும் பூ. வீட்டுச் செடிக்குக் கடுமையான பூச்சிமருந்து தேவையே இல்லை.

இவ்வளவும் செய்தால் பிப்ரவரி கடைசியில் மொட்டு தெரியும், பங்குனி சித்திரையில் நன்றாகப் பூக்கும். ஒரு அலை ஓய்ந்ததும், பூத்து முடிந்த ஒவ்வொரு நுனியையும் இரண்டு ஜோடி இலையோடு சேர்த்துக் கிள்ளிவிடுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் அடுத்த அலை வரும்.

பிச்சியைக் குண்டுமல்லியோடு சேர்த்து நவம்பரில் வெட்டிவிடாதீர்கள். அதற்குக் காலம் ஜனவரி கடைசி வாரம், உயரம் 45 செ.மீ. முல்லை வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்கு. பிச்சி ஆனி ஆடியில் தொடங்கி மழைக்காலம் வரை பூப்பது. பை 15 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் கவாத்தின்போது 18 அங்குலப் பைக்கு மாற்றுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. தென்னைநார்க் கழிவைக் கூடுதலாகச் சேர்த்தால் மேலே காய்ந்தும் அடியில் சொதசொதவென்றும் இருக்கும். வேர் அழுகுவது அப்படித்தான். மேலே சொன்ன கிராம் கணக்கைப் பையில் போடாதீர்கள், வேர் கருகிவிடும். மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் 50 கிராம் வேப்பம் புண்ணாக்கும் போதும்.

பாத்தியின் மீதி இடத்தில் செண்டுமல்லி வையுங்கள். அதன் வேர், மண்ணில் இருந்து செடி வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவைக் குறைக்கும், மல்லிக்கும் நல்லது. ஒன்றரை அடிக்கு ஒன்று நட்டு, மல்லி தூரிலிருந்து இரண்டு அடி தள்ளியே வையுங்கள். காலியாகும் வடக்குச் சந்துக்கு நந்தியாவட்டை பொருந்தும், அரை நிழலைத் தாங்கும். சாமந்தி ஆசை இருந்தால் வாசல் விளக்கு வெளிச்சம் விழாத ஓரத்தில் வையுங்கள். இரவு நீளமாகவும் இருட்டாகவும் இருந்தால்தான் அது மொட்டு வைக்கும். விடிய விடிய விளக்கெரியும் போர்ட்டிகோ பக்கம் வைத்தால் இலையோடு நின்றுவிடும்.