லூசில் பிரிட்ஜஸ் எடுத்த முடிவு: கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்காவில், வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த ஒரு பள்ளியில் முதல் கறுப்பினக் குழந்தையாகச் சேர்ந்த ரூபி பிரிட்ஜஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, நார்மன் ராக்வெல் வரைந்த ஓவியத்தையும் தேடிப் பார்த்தேன். வெள்ளை கவுன் போட்ட சின்னப் பெண், முன்னும் பின்னும் காவலர்கள். எனக்கும் ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அந்த அம்மாவை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. வாசலில் ஒரு கூட்டமே நின்று வசைபாடும்போது பிள்ளையை உள்ளே அனுப்ப எப்படி மனசு வந்தது? தன் ஆசைக்காகக் குழந்தையைப் பணயம் வைத்தது போலத்தானே இது?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

ஆறு வயது மகளை வைத்துக்கொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் 1960இல் நியூ ஆர்லியன்ஸில் எடுக்கப்பட்ட அந்த முடிவின் வேர் மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கிறது.

ரூபியின் அம்மா லூசில் 1934இல் அங்கே டைலர்டவுனில் பிறந்தவர். பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். வயலில் வேலை இருந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வேலை இல்லாத நாளில்தான் படிப்பு. இப்படி வளர்ந்த பெண் தன் பிள்ளைக்கு எதை ஆசைப்படுவாள்? ‘சமத்துவம்’ போன்ற பெரிய வார்த்தைகள் அப்புறம்தான். முதலில் ஒரு நல்ல வகுப்பறை, அதில் தன் மகளுக்கு ஓர் இடம். அவ்வளவுதான்.

ரூபியின் அப்பா ஏபன் அதே மண்ணில் வளர்ந்து வேறொரு பாடம் கற்றவர். கொரியப் போரில் சண்டையிட்டவர். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கப் போன இடத்திலும் நிற வேற்றுமையைப் பார்த்தவர். எதுவும் மாறப் போவதில்லை, வீண் வம்பு எதற்கு என்பது அவர் எண்ணம். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பட்ட அனுபவம் அவரை ஒதுங்கிப் போகச் சொன்னது, லூசிலை முட்டிப் பார்க்கச் சொன்னது. வீட்டில் விவாதம் நடந்து, கடைசியில் லூசிலின் பேச்சுதான் நின்றது.

நவம்பர் 14 அன்று வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்கு மகளோடு லூசிலும் காரில் போனார். இன்று புதுப் பள்ளிக்கூடம், ஒழுங்காக நடந்துகொள் என்று மட்டும்தான் ரூபியிடம் சொல்லியிருந்தார்கள். கூட்டத்தையும் கூச்சலையும் பார்த்து, ஊரில் நடக்கும் மார்டி கிரா திருவிழா என்றே குழந்தை நினைத்தாள். குழந்தையிடம் உள்ளதைச் சொல்லாமல் விட்டது சரியா? சரி என்றுதான் நினைக்கிறேன். ஆறு வயதில் அந்த வெறுப்பை எந்த வார்த்தையில் விளக்குவது?

நீங்கள் அஞ்சும் விலையைக் குடும்பம் கொடுத்தது. ஏபனின் பெட்ரோல் பங்க் வேலை போனது. மிசிசிப்பியில் தாத்தா பாட்டியை நிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள். குழந்தையும் விலை கொடுத்தாள். விஷம் வைப்பேன் என்று ஒரு பெண் மிரட்டியதால் வீட்டுச் சாப்பாடு மட்டும்தான், அதையும் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ரூபி சாண்ட்விச்சுகளை அலமாரிக்குள் ஒளித்து வைக்க ஆரம்பித்தாள். வாசலில் ஒருத்தி சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மையை வைத்துக் காட்டினாள். அது குழந்தையின் கனவில் வந்தது. வெள்ளைக்காரப் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட, பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த ஒற்றைக் குழந்தைக்கு வருடம் முழுக்கப் பாடம் நடத்தினார்.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது வேறொரு சம்பவம். வருடக் கடைசியில் ஒரு வெள்ளைச் சிறுவன் ரூபியிடம், அவளுடைய நிறத்தைக் குறிக்கும் வசைச்சொல்லோடு, “உன்னோட விளையாடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க” என்றான். எல்லாம் தன் நிறத்தால்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவன்மேல் கோபம் வரவில்லை, என் அம்மா சொன்னால் நானும் கேட்டிருப்பேன் என்று பிற்காலத்தில் ரூபி சொல்லியிருக்கிறார். அந்தப் பையனின் அம்மாவிடம் யாராவது, பிள்ளையைப் பணயம் வைக்கிறாயே என்று கேட்டார்களா? வாசலில் கத்திய பெண்களில் பலரும் பிள்ளை பெற்றவர்கள்தான். உங்கள் கேள்வி லூசிலிடம் மட்டும் போய் நிற்பதுதான் என்னை உறுத்துகிறது. பிள்ளையின் பத்திரமா, பிள்ளையின் படிப்பா, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள் என்ற நிலைக்கு அவரைத் தள்ளியது மற்றவர்கள். வெள்ளைத் தாய்மார்களுக்கு இரண்டும் கேட்காமலே கிடைத்தன.

அடுத்த வருடம் ரூபி காவலர்கள் இல்லாமல் பள்ளிக்குப் போனாள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் இருந்தார்கள். லூசில் 2020 நவம்பரில், 86 வயதில் இறந்தார். ரூபி நான்கு ஆண் பிள்ளைகளுக்குத் தாயானார். 1993இல் தம்பி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவருடைய பெண் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண்கள் படித்தது அதே வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளியில். ரூபி அங்கே தன்னார்வலராகச் சேர்ந்து, பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையே உதவி செய்ய ஆரம்பித்தார்.

அன்புடன்.