போர்டு ஆன் ஆனதும் முதல் 5 நிமிடம் மட்டும் என் லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர் எதையும் அனுப்புவதில்லை. லேப்டாப்பில் அதே கோட் ஓடுகிறது. ஏன்?

உங்கள் போர்டு 32 பிட் என்றால், கடைசியாக அனுப்பிய நேரத்தை வைக்கும் மாறியைப் பாருங்கள். தொடக்கத்தில் அதில் 0 போட்டிருப்பீர்கள்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஓர் ஐஸ் கம்பெனியின் குளிரறை வெப்பநிலையை அனுப்ப ஒரு சின்னப் பெட்டி வைத்தேன். டிரைவர் நான் எழுதியது. கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் பேச்சு மூச்சு இருக்காது. உப்புக்காற்று அரித்த கனெக்டர்தான் காரணம் என்று இரண்டு தடவை மாற்றினேன். அப்புறம் லாக்கைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் சரியாக 310 விநாடி. துரு இவ்வளவு கணக்காக வேலை செய்யாது.

நேரத்தைத் துடிப்பு துடிப்பாக எண்ணும் லினக்ஸின் ஜிஃபீஸ் கவுன்ட்டர் 0-விலிருந்து தொடங்குவதில்லை. 32 பிட்டில் சுமார் 429 கோடி வரை எண்ணி மறுபடி 0-வுக்கு வரும். விநாடிக்கு 1000 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 49.7 நாள். அந்தத் திருப்பத்தில் வரும் பிழைக்காக அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம் என்றுதான், வேண்டுமென்றே 0-வுக்கு 300 விநாடி முன்னால் தொடங்க வைத்திருக்கிறார்கள். இதை யோசித்தவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் அண்ணன் அட்சய வருடம், நான் பிரபவ. வரிசையில் அட்சய 60, பிரபவ 1. ஆனாலும் அண்ணன்தான் மூத்தவன் என்பதில் அப்பத்தாவுக்குச் சந்தேகமே வந்ததில்லை. அட்சய முடிந்ததும் பிரபவ என்று அவருக்குத் தெரியும். இரண்டு ஜிஃபீஸ் நேரங்களில் எது பிந்தியது என்று சொல்லும் டைம்_ஆஃப்டர் மேக்ரோவும் அப்படித்தான்: எது பெரிய எண் என்று பார்க்காது, கழித்து வரும் விடை பிளஸ்ஸா மைனஸா என்று பார்க்கும். இடைவெளி அரைச் சுற்றுக்குள் இருக்கும் வரை விடை சரி.

ஆகவே, நாம் போட்ட 0 அதன் கண்ணுக்கு ஐந்து நிமிடம் கழித்து வரப்போகும் நேரம். என் கோட் கடைசி பாக்கெட் போய் 10 விநாடி ஆனால்தான் அடுத்ததை அனுப்பும். அதுதான் 310. 64 பிட் லேப்டாப்பில் சுற்று மிகப் பெரியது, அங்கே 0 பழைய நேரமாகவே தெரியும்.

தொடக்க மதிப்பாக, ஜிஃபீஸிலிருந்து உங்கள் இடைவெளியைக் கழித்துப் போடுங்கள். ‘இன்னும் அனுப்பவில்லை’ என்று தனியாக ஒரு ஃபிளாக் வைத்தால் இன்னும் நல்லது. விநாடிக்கு 1000 துடிப்பு என்றால், 25 நாள் எதுவும் அனுப்பாமல் கிடந்தால் அரைச் சுற்று தாண்டி, கணக்கு மறுபடி புரண்டுவிடும். சோதனையை அந்த 32 பிட் போர்டிலேயே செய்யுங்கள். ஆறு நிமிட லாக் போதும்.